ஐம்பதில் எடுத்த கம்பு

அறுபத்து மூன்று நாயன்மார்களுள் வேதியர் உண்டு, வேளாளர் உண்டு. குயவரும் வண்ணாரும் நெசவாளரும் கடலில் வலை வீசியவரும் உண்டு. பிறருக்குப் போர்க்கலை கற்பித்து, அதனால் வந்த வருவாயைச் சிவனடியார்களுக்கே செலவிட்டு வாழ்ந்தவர் ஒருவரும் அந்த வரிசையில் நிற்கிறார். சோழ நாட்டு எயினனூரில் வாழ்ந்த ஏனாதிநாதரே அவர். கும்பகோணத்தை அடுத்த ஏனநல்லூரே அவ்வூர் என்பர். வாட்பயிற்சி ஆசிரியராகிய இவரைத் திருச்சுற்றில் வலம் வரும்போது பெரும்பாலோர் நின்று பார்ப்பதில்லை. கண்ணப்பரையும் காரைக்கால் அம்மையாரையும் அடையாளம் கண்டு கைகூப்பும் கண்கள் இவரைக் கடந்து போய்விடுகின்றன.

அவருடைய குருபூசை புரட்டாசி உத்திராடத்தில் வருகிறது. கலைமகளை மூலத்தில் ஆவாகனம் செய்து திருவோணத்தில் வழியனுப்பும் வழக்கத்தை அறிந்த வீடுகளுக்கு இதன் பொருத்தம் உடனே விளங்கும். நவராத்திரி புரட்டாசியில் அமையும் ஆண்டுகளில் உத்திராடம் ஆயுத பூசையை ஒட்டியே வந்துவிடும். தொழிற்கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் இடும் நாளை ஒட்டி வாளாசிரியர் ஒருவரின் திருநட்சத்திரம் வருவதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. ஆனாலும் அது நன்றாகவே அமைந்திருக்கிறது.

ஆயுத பூசைக்கு மறுநாள் விஜயதசமி. ஏடு தொடங்கும் குழந்தைகளைப் போலவே பாட்டு, நடனம், சிலம்பம் தொடங்கும் குழந்தைகளும் அன்று ஆசிரியர் முன் தட்டுடன் நிற்பார்கள். உடன் வந்த பெற்றோர் சுவரோரமாகக் காத்திருப்பார்கள். காத்திருப்பதே பெற்றோரின் தொழில் என்று ஆகிவிட்டது. வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் எனக் கணக்கிட்டால் ஓராண்டில் இருநூறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சுவரோரத்திலேயே கழிகிறது. அந்தச் சுவரைவிட்டு எழுந்து, குழந்தைகளோடு தாமும் வரிசையில் போய் நிற்பவர்கள் அண்மைக் காலமாகச் சிலர் கண்ணில் படுகிறார்கள்.

அப்படி எழுந்தவர்களுள் ஒருவர் கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருப்பவர். வயது ஐம்பத்து மூன்று. பதினொரு வயது மகளைக் காவிரிக்கரையோரத் திடலுக்கு விடியற்காலையில் அழைத்துவந்து, படியில் அமர்ந்து நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தவர். பெரியபுராணச் சொற்பொழிவு என்றால் கடையை முன்னதாகவே சாத்திவிட்டுப் போகிறவர். அவரை எழ வைத்தது ஆர்வமன்று, அச்சம். அவருடைய தந்தை எழுபதாவது வயதில் பிரதோஷத்தன்று கோயிலில் எண்ணெய் சிந்திய கல்தளத்தில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் ஓராண்டு படுக்கை. நடந்து கோயிலுக்குப் போனவரை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டுதான் போனார்கள். மகனுக்கு இப்போது சுவாமிமலையின் அறுபது படிகளில் இறங்கும்போது முழங்கால் நடுங்குகிறது. ஏறுவதைவிட இறங்குவதே கடினமாக இருக்கிறது என்பதை அவர் ஒருவரிடமும் சொல்லாமல், கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு இறங்கும் பழக்கத்துக்கு வந்திருந்தார்.

இந்த அச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. முப்பது வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் உடலின் தசையில் ஏறக்குறைய 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் எலும்பின் அடர்த்தியும் விரைந்து குறையும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. தசையை வலுப்படுத்தும் பயிற்சி இரு நாளேனும் வேண்டும் என்கிறது. அறுபத்தைந்தைக் கடந்தவர்கள் வாரம் மூன்று நாளாவது உடற்சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது. நம் வீடுகளில் நடைப்பயிற்சியோடு எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். நடை நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதாது. திரும்பும்போதும், பின்னால் காலெடுத்து வைக்கும்போதும், யாரோ இடித்துவிட்டுப் போகும்போதும் மனிதர் விழுகிறார்.

சிலம்பம் இங்கேதான் வேலை செய்கிறது. எம்.ஜி.ஆர். படங்களில் கம்பு சுழல்வதைப் பார்த்தே பழகியவர்களுக்கு இக்கலை கையில் இருப்பதாகத் தோன்றும். கற்றவர்களைக் கேட்டால் காலைக் காட்டுவார்கள். முன்னே, பின்னே, பக்கவாட்டில், மூலைக்கு மூலை எனக் காலை எடுத்து வைக்கும் காலடி வரிசைகளே முதற்பாடம். உடலின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் கணத்தைத் தவறவிடாமல் அறிந்துகொள்வதே அதன் உட்பொருள். கம்பு பின்னரே கைக்கு வரும். அதுவும் அவரவர் நெற்றி உயரத்துக்கு வெட்டியதாக இருக்கும். ஐந்தடி உயர மனிதருக்கு ஆறடிக் கம்பு உதவாது. அதன்பிறகுதான் வீச்சு, தடுப்பு, எதிராளியோடு ஆடும் தொடுமுறை எல்லாம்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று கடைக்காரரின் மனைவி கேட்டார். கேட்டதில் தவறில்லை. உடல் வளைவதை மட்டும் கருதினால் பழமொழி பெருமளவு சரியே. கேரளத்துக் களரிப் பயிற்றில் ஏழு வயதிலேயே சேர்க்கும் மரபு உண்டு. நிலத்தோடு நிலமாகத் தாழ்ந்து காலை அகட்டும் அந்த மெய்ப்பயிற்று நிலைகளை ஐம்பதில் தொடங்கி முழுமையாக அடைவது எளிதன்று. தலைக்கு மேல் காலை உயர்த்தும் கராத்தே உதைகளும் அப்படியே. கம்பைக் கொண்டு ஆடும் கலை நடுவயதினரிடம் இந்த அளவுக்கு வளைவைக் கேட்பதில்லை. நிமிர்ந்து நிற்கவும், பார்வை சிதறாமல் இருக்கவும், இடுப்பிலிருந்து திரும்பவும் கேட்கிறது. நடுவயதில் ஏதேனும் தற்காப்புக் கலை தொடங்க விரும்புகிறவர் எதைத் தேர்வது என்று கேட்டால், எதிராளியை எறிவதும் எறியப்படுவதும் மையமாக உள்ளவற்றை விட்டுவிட்டு, காலடி மையமாக உள்ள ஒன்றைத் தேர்வதே அறிவுடைமை.

முதல் நாள் அவர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். “தம்பி, எங்க வயசுக்காரங்க எல்லாம் இதுல சேரலாமா?”

ஆசானுக்கு இருபத்தாறு வயது. பகலில் மின்பணியாளராக வேலை பார்ப்பவர். “சேரலாங்கய்யா. முதல்ல டாக்டர்கிட்ட ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துட்டு வாங்க. கம்பு அப்புறம். ஒரு மாசம் சும்மா நிக்கக் கத்துக்கலாம்” என்றார்.

கடைக்குத் திரும்பியவர் அந்த வார்த்தையை நினைத்து நினைத்துச் சிரித்தாராம். முப்பது ஆண்டுகள் கல்லாவுக்குப் பின்னால் நின்றவருக்கு நிற்கக் கற்றுத் தருகிறான் ஒரு பையன்! மறு வாரம் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திடலுக்கு வந்து காலை அகட்டி, முழங்காலைச் சிறிது மடக்கி, ஆசான் சொன்னபடி நின்றார். தொடை இரண்டும் நடுங்கத் தொடங்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

வரிசையில் எங்கே நிற்பது என்பதில் அடுத்த சிக்கல். அந்தக் களத்தில் உயரமோ வயதோ கணக்கில்லை. சேர்ந்த நாளே கணக்கு. மகள் நான்காவதாக நிற்கிறாள். தந்தை கடைசியில், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கும் பின்னால். பயிற்சி தொடங்குமுன் நிலத்தைத் தொட்டு வணங்கி ஆசானை வணங்க வேண்டும். தம்மைவிட இருபத்தேழு வயது இளையவர் முன் குனிய முதுகு ஒப்பவில்லை. ஆசானும் கூசிப்போய் விலகினார். “ஐயா, நீங்க கும்பிட வேணாம்” என்றார். சில நாள்கள் அவர் கையை மட்டும் கூப்பிவிட்டு நழுவிக்கொண்டிருந்தார்.

இந்தக் கூச்சத்துக்கு விடை சொல்ல அவ்வூர்க்காரர் தொலைவு போக வேண்டியதில்லை. எட்டுக் கிலோமீட்டருக்குள் சுவாமிமலை இருக்கிறது. பிரணவத்தின் பொருளைக் கேட்க அப்பன் மகனிடம் மாணவனாக அமர்ந்த தலம் அது. அங்குள்ள அறுபது படிகளும் அறுபது தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கியவை என்பதை அறியாதார் இல்லை. ஆயினும் அக்கதையைச் சொல்லும்போது நாம் மகனின் பெருமையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். கேட்கத் தெரிந்த தந்தையின் பெருமை பாதியிலேயே நின்றுபோகிறது. தெரியாததைத் தெரியாது என்று காட்டிக்கொண்டு, இளையவன் வாய் திறக்கும்வரை பொறுத்திருப்பது ஐம்பதைக் கடந்த ஆண்மகனுக்கு எத்தனை அரிது என்பதை, குடும்பத் தலைவர்கள் உள்ள எந்த வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் மாதத்தில் ஒருநாள் மூலைக்காலடியில் அவர் திரும்பத் திரும்பத் தடுமாறினார். ஆசான் வேறு பக்கம் இருந்தார். மகள் வரிசையிலிருந்து வந்து, “அப்பா, கம்பைப் பார்க்காதீங்க. இடது காலை முதல்ல திருப்புங்க, உடம்பு தானா வரும்” என்று காட்டிக்கொடுத்தாள். வீட்டில் அவர் குரலைக் கேட்டாலே அடுத்த அறைக்குப் போய்விடும் பெண் அவள். கேட்டதற்கு ‘உம்’, ‘இல்லை’ என்பதற்கு மேல் பேசாதவள். அவருக்குச் சினம் சட்டென்று வரும். கடைப் பையன்கள் மீதும் வரும், சோற்றுத் தட்டின் மீதும் வரும். அன்று அவர் ஒன்றும் சொல்லாமல் இடது காலைத் திருப்பினார். அடுத்த நாளிலிருந்து நிலத்தைத் தொட்டபின் ஆசானையும் குனிந்து வணங்கினார். ‘தம்பி’ போய், ‘ஆசானே’ வந்தது.

மூன்றாம் மாதம் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இதை முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டும். பயிற்சி தொடங்கியதும் தசை விரைவில் தேறிவிடுகிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் தேறுவதற்குப் பல மாதங்கள் கூடுதலாகும். வலு வந்துவிட்டது என்று எண்ணிக் கம்பை வேகமாகச் சுழற்றும் ஆர்வலர்களுக்குத் தோளிலும் முழங்கையிலும் வலி வருவது இதனால்தான். அவசரமாக எடுத்த கடனைப் போல வட்டியோடு அது திரும்பி வரும். ஆசான் மூன்று வாரம் கம்பை வாங்கி வைத்துவிட்டுக் காலடி மட்டும் போதும் என்றார். கடைக்காரர் பொறுத்தார். பொறுக்காமல் விட்டுவிட்டுப் போகிறவர்களே மிகுதி. விஜயதசமியில் சேர்ந்த பெரியவர்களுள் தைப்பொங்கலுக்குப் பின்னும் வருபவர்களை விரல்விட்டு எண்ணலாம். நெஞ்சில் அழுத்தமோ, தலைசுற்றலோ, வழக்கத்தை மீறிய மூச்சிரைப்போ வந்தால் மட்டும் பொறுமை காட்டலாகாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு வீசுவதும் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது தீங்கு.

தோள் தேறிய பின் ஆசான் கொடுத்த பாடம் விந்தையானது. வேப்பங்கிளையில் நூலில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டார். முழு வேகத்தில் கம்பை வீசி, பழத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்த வேண்டும். பழம் அசையக் கூடாது. அடிப்பது எளிது. கம்பின் எடையே அடித்துவிடும். நிறுத்துவதற்குத்தான் கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு எல்லாம் ஒரே கணத்தில் ஒன்றுசேர வேண்டும். முதல் வாரம் ஏழு பழங்கள் வீணாயின. வீட்டில் ஊறுகாய் போட்டார்கள். பழத்தைத் தொடாமல் அவர் கம்பை நிறுத்தியது ஒன்றரை மாதம் கழித்து.

ஏனாதிநாதரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க இயலாது.

அவருடைய தாயத்தார் வழியில் வந்த அதிசூரன் என்பவனும் வாட்பயிற்சி ஆசிரியன். ஏனாதிநாதரிடம் மாணவர் பெருகப் பெருக அவனுடைய வருவாய் சுருங்கிற்று. தொழிற்பொறாமை என்று இக்காலத்தில் சொல்வோம். இந்தத் தொழிலைச் செய்யும் உரிமை வெல்பவருக்கே என்று சுற்றத்தையும் மாணவரையும் திரட்டிக்கொண்டு வந்து போருக்கழைத்தான், தோற்று ஓடினான். அன்றிரவு உறங்காமல் வஞ்சம் ஒன்று தேடினான். நாம் இருவர் மட்டும், துணையின்றி, வேறிடத்தில் விடியலில் பொருவோம் என்று சொல்லியனுப்பினான். ஏனாதிநாதர் சுற்றத்தாருக்குச் சொல்லாமல் தனியே வந்தார். அதிசூரனோ, முன் எப்போதும் நீறணியாதவன், நெற்றி நிறையத் திருநீறு பூசி, அதைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வந்தான்.

வாட்போரில் அவன் வீழும் கணம் வந்தது. அப்போது கேடயத்தை விலக்கினான். நீறு தெரிந்தது. ஏனாதிநாதர் நின்றார். இவர் சிவனடியார் ஆகிவிட்டார், இவர் கருத்துப்படியே ஆகட்டும் என்று எண்ணி, வாளையும் கேடயத்தையும் கீழே போட நினைத்தார். உடனே மற்றொன்று தோன்றிற்று. படைக்கலம் இல்லாதவனைக் கொன்ற பழி இவருக்கு வரலாகாதே! ஆகவே வாளைக் கைவிடாமல், போரிடுபவரைப் போலவே ஏந்தியபடி நேர் நின்றார். பாதகன் தன் எண்ணத்தை முடித்துக்கொண்டான். இறைவன் எழுந்தருளி அவரை ஆட்கொண்டார்.

நீற்றின் பெருமை என்றுதான் மேடைகளில் இந்த வரலாற்றை முடிப்பார்கள். அது உண்மையே. ஆனால் கம்போ வாளோ ஏந்திப் பழகிய ஒருவர் இதைக் கேட்கும்போது வேறொன்றும் சேர்த்தே காண்பார். இறங்கிக்கொண்டிருந்த வாள் அது; வென்றுவிட்ட கை அது. அதைப் பாதியில் நிறுத்த வலுவில்லாதவனால் முடியாது. வாழ்நாள் முழுதும் வாள் பயிற்றியவரின் தேர்ச்சி முழுதும் அந்த நிறுத்தத்தில் இருந்தது. பகைவனின் பழியைக்கூடக் கருதி, நிறுத்திய கை தாழாமல் அப்படியே நின்றதோ தேர்ச்சிக்கும் அப்பாற்பட்டது. சேக்கிழாரே அந்த நிலையை யாரால் அறிய முடியும் என்று வியந்து விலகி நிற்கிறார். தாராசுரம் கோயிலில் அறுபத்து மூவர் வரலாறுகளையும் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் இவரையும் ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.

கடைக்காரரின் சினம் போய்விட்டது என்று சொன்னால் அவர் மனைவியே சிரிப்பார். போகவில்லை. ஆனால் ஒருநாள் குத்துவிளக்கு ஒன்றைக் கீழே போட்டு நெளித்துவிட்ட கடைப் பையன், அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், முதலாளி உயர்த்திய கையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாராம். பிறகு அந்தக் கையாலேயே விளக்கை எடுத்து, நெளிவைத் தட்டச் சொல்லிப் பட்டறைக்கு அனுப்பினார். இதை அந்தப் பையன்தான் ஊரெல்லாம் சொன்னான்.

ஓராண்டு கழித்து ஆயுத பூசை வந்தது. திடலில் கம்புகளைக் கழுவித் துடைத்துச் சாய்த்து வைத்து, சந்தனம் குங்குமம் இட்டார்கள். அவ்வாண்டு உத்திராடமும் ஒட்டியே வந்திருந்ததால், பெரியபுராணம் அறிந்தவர் என்று கடைக்காரரை ஏனாதிநாதர் வரலாற்றைச் சொல்லச் சொன்னார் ஆசான். பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து கேட்டார்கள். முடிந்ததும், வரிசையில் அவருக்கு முன்னால் நிற்கும் அந்தச் சிறுவன் எழுந்தான்.

“ஐயா, அவர் ஒரு காலடி பின்னால வெச்சிருந்தா வெட்டு விழுந்திருக்காதே. வாளாசிரியர்தானே, அவருக்குத் தெரியாதா?”

கடைக்காரர் ஆசானைப் பார்த்தார். ஆசான் கடைக்காரரைப் பார்த்தார். மகள், “தெரியும். தெரிஞ்சுதான் வைக்கலை” என்றாள்.

சிறுவனுக்கு அது போதவில்லை. சுண்டல் கொடுத்து முடியும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள், விஜயதசமிக் காலையில் புதிதாக ஆறு பேர் சேர்ந்தார்கள். அவர்களுள் ஒருவர் நாற்பத்தெட்டு வயது அம்மையார், இரு பிள்ளைகளைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர். எல்லாரும் நிலத்தைத் தொட்டு வணங்கி வரிசையில் நின்றார்கள். பாத்திரக் கடைக்காரர் இப்போது கடைசி ஆளல்லர்.